தண்டாலும் பஸ்கியும் மட்டும் போதுமா?

வீட்டிலேயே செய்யும் வலுப் பயிற்சி பற்றி வாசகர்கள் கேட்டவையும் எங்கள் பதில்களும்.

தினமும் காலையில் 50 தண்டால், 100 பஸ்கி எடுக்கிறேன். ஆரம்பத்தில் கையும் மார்பும் நன்றாக ஏறின. நாலைந்து மாதமாக ஒரு மாற்றமும் இல்லை. ஜிம்முக்குப் போக நேரமில்லை. வீட்டில் இருப்பதை வைத்தே ஒரு திட்டம் சொல்லுங்கள்.
– 34 வயது வாசகர், கோயம்புத்தூர்

50 தண்டால் உங்கள் உடம்புக்கு இப்போது பழகிப்போன வேலை. பழகிய வேலைக்காகத் தசை மேலும் வளராது. தாக்குப்பிடிக்கும் திறன்தான் கூடும். ஒவ்வொரு செட்டும் (இடைவிடாமல் எடுக்கும் ஒரு சுற்று) "இன்னும் இரண்டு மூன்றுதான் முடியும்" என்ற இடத்தில் நிற்க வேண்டும். அந்த இடம் 8-இல் வந்தாலும் சரி, 25-இல் வந்தாலும் சரி, தசை வளரும். 30-ஐத் தாண்டியும் சுலபமாகப் போகிறதென்றால் எண்ணிக்கையைக் கூட்டுவதில் பயனில்லை, பயிற்சியைத்தான் கடினமாக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உங்கள் பட்டியலில் இருக்கிறது. இழுக்கும் பயிற்சி ஒன்றுகூட இல்லை. இடுப்பை மடித்துத் தூக்கும் பயிற்சியும் இல்லை. மார்பும் முன்தொடையும் உழைக்க, முதுகும் பின்தொடையும் சும்மா இருக்கின்றன. வீட்டில் தனியாகப் பயிற்சி எடுப்பவர்களிடம் அடிக்கடி பார்க்கிற குறை இது.

தினமும் வேண்டாம். திங்கள், புதன், வெள்ளி என்று மூன்று நாள், நாளுக்கு 45 நிமிடம் போதும். முதல் 5 நிமிடம் கையைச் சுழற்றி, இடுப்பை அசைத்து, மெதுவாகப் 10 பஸ்கியும் சுவரில் கை ஊன்றி 10 தண்டாலும் எடுத்து உடம்பைச் சூடேற்றுங்கள். பிறகு ஒற்றைக்கால் பஸ்கி: பின்காலைக் கட்டில் விளிம்பில் வைத்து, முன்காலில் பாரத்தைப் போட்டு, காலுக்கு 8 முதல் 12 முறை, 3 செட். அடுத்து, பாதத்தை ஓர் அடி உயரப் படியில் வைத்து, இறங்குவதற்கு 3 விநாடி எடுத்துக்கொள்ளும் தண்டால், 3 செட். அதுவும் சுலபமானால் முதுகுப்பையில் 5 கிலோ அரிசிப் பையைப் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள்.

இழுப்பதற்கு அதே முதுகுப்பை. 10 கிலோ நிரப்பி, ஒரு கையை நாற்காலியில் ஊன்றிக் குனிந்து, பையின் மேல்பிடியைப் பிடித்து, முழங்கை இடுப்பைத் தாண்டிப் பின்னால் போகும்படி இழுங்கள். கைக்கு 10 முதல் 15 முறை, 3 செட்.

இடுப்பு மடிப்புக்கு 10 லிட்டர் பெயின்ட் வாளி இரண்டு போதும். மணல் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ என்பதால் முழு வாளி 15 கிலோவுக்குக் குறையாது. அரை வாளியில் ஆரம்பியுங்கள். பிடிக் கம்பி உள்ளங்கையை அறுக்கும், துணி சுற்றிக்கொள்ளுங்கள். கம்பி மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் காதில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தால் அந்த வாளி சீக்கிரம் பிய்யும், தூக்காதீர்கள்.

முறையை முதலில் எடை இல்லாமல் பழகுங்கள். சுவருக்கு ஒரு சாண் முன்னால், முதுகைக் காட்டி நின்று, முழங்காலைக் கொஞ்சமாக மடக்கி, பிட்டத்தைப் பின்னுக்குத் தள்ளிச் சுவரைத் தொடுங்கள். மாப் கம்பை முதுகோடு செங்குத்தாகப் பிடித்தால் பின்னந்தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றிலும் பட்டபடியே இருக்க வேண்டும். ஏதாவது ஓரிடத்தில் கம்பு விலகினால் முதுகு வளைகிறது என்று அர்த்தம். அது சரியான பிறகுதான் வாளி. 10 முறை, 3 செட்.

கடைசியில் 30 முதல் 45 விநாடி பிளாங்க் (முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பை நேராக நிறுத்துவது), 3 தடவை. மாடியில் இடமிருந்தால் இரு வாளியையும் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து ஒரு நடை. கால், முதுகுப் பயிற்சிகளில் செட்டுக்கு நடுவே 2 நிமிடம் ஓய்வு எடுங்கள். அவசரப்பட்டு 30 விநாடியில் அடுத்த செட்டைத் தொடங்கினால் மூச்சுதான் வாங்கும், தசைக்கு வேலை குறையும்.

ஒரு நோட்டில் தேதி, எடை, எண்ணிக்கை மூன்றையும் எழுதுங்கள். 3 செட்டிலும் 12 வந்துவிட்டால் அடுத்த தடவை 2 கிலோ கூட்டி 8-க்குத் திரும்புங்கள். ஆறேழு வாரத்துக்கு ஒரு முறை, ஒரு வாரம் மட்டும் செட்டுகளைப் பாதியாக்கிக்கொள்ளலாம். போன வாரம் எவ்வளவு தூக்கினோம் என்று தெரியாமல் எடுக்கிற பயிற்சி, நீங்கள் இப்போது நிற்கிற இடத்தில்தான் கொண்டுவந்து விடும்.

கதவு நிலையில் மாட்டும் புல்-அப் பார் (தொங்கி உடம்பை மேலே இழுக்கும் கம்பி) ஆன்லைனில் வாங்கினேன். எங்கள் வீட்டு நிலையில் நிற்கவே இல்லை. சாப்பாட்டு மேசைக்கு அடியில் படுத்து, விளிம்பைப் பிடித்து இழுக்கலாமா?
– கல்லூரி மாணவர், மதுரை

தம்பி, கொக்கி மாதிரி மாட்டும் பாருக்கு, நிலைக்கு மேலே சுவரைவிட்டுத் துருத்திக்கொண்டிருக்கும் மரச்சட்டம் வேண்டும். நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் நிலையும் பூச்சும் ஒரே மட்டம். கொக்கி உட்கார இடமே கிடையாது. முறுக்கி இறுக்கும் வகை, ரப்பர் முனையின் உராய்வை மட்டும் நம்பி நிற்கிறது. வார்னிஷ் அடித்த மரத்தில் அது மெல்ல வழுக்கும். அதோடு வரும் கிண்ணம் போன்ற தாங்கியை நீள ஸ்குரூ போட்டு மரத்தில் பதித்தால்தான் தொங்கலாம். பிளாஸ்டிக் நிலையில் எந்த வகையும் வேண்டாம்.

மேசை விஷயத்தில் கவனம். கண்ணாடி மேசை, நடுவில் ஒற்றைக்கால் உள்ள மேசை, மடக்கு மேசை, கால்களின் மேல் கிரானைட் பலகையைச் சும்மா தூக்கி வைத்த மேசை, நான்கும் கூடாது. விளிம்பைப் பிடித்து இழுக்கும்போது மேசை உங்கள் மார்பின் மீதுதான் கவிழும். கனமான நாலுகால் மர மேசையானால் எதிர் விளிம்பில் ஒருவரை உட்கார வைத்துவிட்டுச் செய்யலாம்.

இதைவிடப் பத்திரமான வழி படுக்கை விரிப்பு. கெட்டியான பருத்தி விரிப்பைக் கயிறுபோல் முறுக்கி, நடுவில் பெரிய முடிச்சுப் போட்டு, முடிச்சைக் கதவின் மேல்விளிம்பு வழியாக அந்தப் பக்கம் தள்ளி, கதவைச் சாத்தித் தாழ் போடுங்கள். உங்களைப் பார்த்துத் திறக்கிற கதவில் இதைச் செய்யாதீர்கள். நீங்கள் இழுப்பது கதவை நிலையோடு அழுத்துவதாக இருக்க வேண்டும். இரு முனையையும் பிடித்துப் பின்னால் சாய்ந்து, நெஞ்சைக் கதவை நோக்கி இழுங்கள். பாதம் கதவுக்கு எவ்வளவு அருகில் போகிறதோ அவ்வளவு கடினம். குளியலறையின் பிளாஸ்டிக் கதவும், கீல் ஆடுகிற பழைய கதவும் இதற்கு ஆகாது. பக்கத்து மாநகராட்சிப் பூங்காவில் தொங்குகிற கம்பி இருந்தால் இதெல்லாம் தேவையே இல்லை.

பெண்கள் டம்பெல் தூக்கினால் உடம்பு ஆண்களைப் போல் முறுக்கேறிவிடுமா?
– வாசகி, சேலம்

ஏறாது. பெண்கள் உடம்பில் தசையை வளர்க்கும் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் ஆண்களுக்குள்ளதில் பத்தில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. தைரியமாகத் தூக்குங்கள்.

எனக்கு 58 வயது. பி.பி. மாத்திரையும், சர்க்கரைக்கு கிளிமெபிரைடு மாத்திரையும் எடுக்கிறேன். படி ஏறினால் முழங்கால் வலி. இந்த வயதில் எனக்கும் எடைப் பயிற்சி தேவைதானா?
– இல்லத்தரசி, திருநெல்வேலி

மற்றவர்களைவிட உங்களுக்குத்தான் அதிகம் தேவை, அம்மா. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைகிறது. தொடைத் தசை இளைத்தால் முழங்கால் மூட்டுக்குச் சுமை கூடுகிறது. பெரியவர்கள் எல்லோருக்கும் வாரத்தில் 2 நாளாவது தசைப் பயிற்சி வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டலில் சொல்லியிருக்கிறது. தொடங்குமுன் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சர்க்கரையால் விழித்திரை பாதிப்பு இருந்தால் முக்கித் தூக்குவது கண்ணுக்குள் ரத்தக்கசிவை உண்டாக்கலாம் என்பதால், கண் பரிசோதனை செய்து ஒரு வருடம் ஆகியிருந்தால் அதையும் முடித்துவிடுங்கள்.

முதல் பயிற்சி, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸில் வழுக்கும். மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். உயரம் ஒன்றரை அடிக்குக் குறைய வேண்டாம், வலித்தால் மேலே ஒரு தலையணை. கையை ஊன்றாமல் எழுந்து, 3 விநாடியில் மெதுவாக உட்காருங்கள். 'தொப்'பென்று விழுந்தால் பலனில் பாதி போயிற்று. 8 முறை, 2 செட். அதோடு சமையல் மேடையில் கை ஊன்றித் தண்டால், மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துவது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தோளிலிருந்து மேலே தூக்குவது. வாரம் 2 நாள் இதைச் செய்யுங்கள்.

முழங்கால் வலியைப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பிடுங்கள். பயிற்சியின்போது 3 வரை இருந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். மறுநாளும் வலியோ வீக்கமோ இருந்தால் நாற்காலியை இன்னும் உயர்த்துங்கள், பயிற்சியை விட்டுவிடாதீர்கள்.

மூச்சை அடக்கினால் பி.பி. சட்டென்று எகிறும். எழும்போதும் தூக்கும்போதும் மூச்சை வெளியே விடுங்கள். சத்தமாக எண்ணினால் அது தானாக நடக்கும். அன்றைக்கு பி.பி. 180/110-ஐ எட்டியிருந்தால் பயிற்சியை ஒத்திவைத்து டாக்டரைப் பாருங்கள்.

கிளிமெபிரைடு சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய மாத்திரை. வெறும் வயிற்றில் பயிற்சி வேண்டாம். சர்க்கரை 90-க்குக் கீழ் காட்டினால் முதலில் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டு, அளவு ஏறிய பிறகு தொடங்குங்கள். பக்கத்தில் சர்க்கரை டப்பாவும் இருக்கட்டும். பி.பி.க்கு நீங்கள் எடுப்பது மெட்டோபுரோலால், அட்டெனலால் வகை என்றால் சர்க்கரை தாழும்போது வருகிற படபடப்பு தெரியாமல் போகலாம்; காரணமில்லாமல் குப்பென்று வியர்த்தாலே உட்கார்ந்துவிடுங்கள்.

நண்பர்களோடு பந்தயம் கட்டி ஒரே மூச்சில் 300 பஸ்கி எடுத்தேன். மூன்று நாளாகியும் தொடை வீங்கி, காலை மடக்க முடியவில்லை. எண்ணெய் தேய்த்தால் போதுமா?
– 22 வயது வாசகர், வேலூர்

முதலில் சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். கடுந்தேநீர் அல்லது கோலா நிறத்தில் போனாலோ, அளவு குறைந்தாலோ, எண்ணெயை வைத்துவிட்டு இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். பழக்கமில்லாத தசையை எல்லை மீறி வேலை வாங்கினால் தசை இழைகள் உடைந்து, அவற்றிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். வெயிலில், தண்ணீர் குடிக்காமல் செய்திருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். வலி மாத்திரைகளில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகையை நீங்களாகப் போட்டுக்கொள்ளக் கூடாது, அவையும் சிறுநீரகத்துக்குச் சுமைதான்.

சாதாரணப் பயிற்சி வலி ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கும். உங்களுக்கு வீக்கமும் இருக்கிறது. காலை மடக்கவும் முடியவில்லை. சிறுநீர் தெளிவாகவே போனாலும் சி.பி.கே. (தசைச் சேதத்தைக் காட்டுவது), கிரியாட்டினின் (சிறுநீரக நிலையைக் காட்டுவது) ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தேறிய பிறகு தொடங்கும்போது 2 செட், செட்டுக்கு 10. பந்தயத்தை வேறு எதிலாவது கட்டுங்கள்.

சைவம், எடை 60 கிலோ. புரோட்டீன் பவுடர் வாங்கத்தான் வேண்டுமா?
– வாசகர், கும்பகோணம்

கட்டாயமில்லை. சாதாரணமாக உடல் எடையில் கிலோவுக்கு தினம் 0.83 கிராம் புரதம் என்பது ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) கணக்கு. எடைப் பயிற்சி செய்பவருக்கு 1.2 முதல் 1.6 வரை நல்லது. உங்களுக்கு 72 கிராமிலிருந்து. வேகவைத்த கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கப்பில் 14 கிராம், 30 கிராம் உலர்ந்த சோயா உருண்டையில் 15, இரண்டு டம்ளர் பாலில் 12, ஒரு கப் தயிரில் 6, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7, 50 கிராம் பனீரில் 9. இதுவே 60-ஐத் தாண்டுகிறது. மிச்சத்தைச் சோறும் இட்லியும் பருப்பும் பார்த்துக்கொள்ளும். சாம்பாரை மட்டும் நம்பாதீர்கள், ஒரு கரண்டியில் பருப்பைவிடத் தண்ணீர்தான் அதிகம். சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் இந்தக் கணக்கைப் பின்பற்றக் கூடாது.

20 கிலோ டம்பெல் செட் வாங்கியிருக்கிறேன். தோளுக்கு 5 கிலோ சுலபமாக இருக்கிறது, 7 கிலோவை நாலு தடவைகூடத் தூக்க முடியவில்லை. எங்கே தவறு?
– வாசகி, சென்னை

உங்களிடம் தவறில்லை. செட்டிலுள்ள சிறிய தட்டே 1 கிலோ என்றால், இரு பக்கமும் மாட்டும்போது ஒரேயடியாக 2 கிலோ ஏறுகிறது. 5-க்கு அது 40 சதவீதம். சின்னத் தோள் தசைக்குப் பெரிய தாண்டல். 5 கிலோவிலேயே 15, 16 வரை போய், இறக்குவதற்கு 3 விநாடி எடுத்துப் பழகுங்கள். அரைக் கிலோ தட்டு நாலு தனியாக வாங்கினால் 6 கிலோ என்ற நடுப்படி கிடைத்துவிடும். கடையில் கிடைக்காவிட்டால் மணிக்கட்டில் கட்டுகிற அரைக் கிலோ பட்டை.

தலைக்கு மேல் தூக்குமுன் நட்டைத் திருகிப் பாருங்கள், ஒவ்வொரு செட்டுக்கும். தட்டு ஆடும்போது நட்டு தானாகக் கழன்று வரும். பி.வி.சி. தட்டாக இருந்தால் ஓரத்தில் விரிசல் விட்டுச் சிமென்ட் தூள் உதிர்கிறதா என்றும் கவனியுங்கள். உதிர்ந்தால் எடை இரு பக்கமும் ஒன்றாக இருக்காது, அந்தத் தட்டை மாற்றிவிடுங்கள்.