வாட்ச் செயின் அழுக்கு: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

ஸ்டீல் செயின் போட்ட வாட்ச். கண்ணிகளுக்கு நடுவே கறுப்பாக அழுக்கு படிந்து, வாடை வேறு வருகிறது. குழாயடியில் பிடித்துக் கழுவலாமா?
– வாசகர், திருச்சி

பிடிக்காதீர்கள். பின்மூடியில் ‘வாட்டர் ரெசிஸ்டன்ட் 30 மீட்டர்’ என்றோ ‘3 ஏடிஎம்’ என்றோ எழுதியிருந்தால், கை கழுவும்போது தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். வருடங்கள் போகப் போக உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து போகும். எழுத்து மட்டும் அப்படியே இருக்கும்.

செயினைத் தனியாகக் கழற்றிக்கொள்வதே நல்லது. வாட்சும் செயினும் சேரும் இடத்தைப் பின்பக்கமாகப் பார்த்தால் ‘ஸ்ப்ரிங் பார்’ என்ற சின்னக் கம்பியின் விளிம்பு தெரியும். அதற்கென்று விற்கும் டூலின் கவை முனையை அந்த விளிம்பில் கொடுத்து உள்பக்கமாகத் தள்ளினால் கம்பி சுருங்கி விடுபடும். கீறல் விழாமல் இருக்க வாட்சின் ஓரங்களில் செல்லோடேப் ஒட்டிவிடுங்கள். வேலையை உள்ளே இருப்பது தெரிகிற ஒரு பெரிய பிளாஸ்டிக் கவருக்குள் கையை விட்டுச் செய்யுங்கள். கம்பி தெறித்தாலும் கவருக்குள்ளேயே கிடக்கும். கட்டிலுக்கு அடியில் டார்ச் அடிக்க வேண்டியதில்லை.

கால் லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் நான்கைந்து சொட்டு விட்டு, செயினை 15 நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு குழந்தைகள் பயன்படுத்தும் மென்மையான டூத்பிரஷ்ஷால் தேயுங்கள். எல்லோரும் பளபளக்கும் வெளிப்பக்கத்தைத்தான் தேய்ப்பார்கள். அழுக்கு இருப்பதோ தோலில் படும் உள்பக்கத்திலும், கண்ணிகளின் இடுக்கிலும், லாக்கின் மடிப்புக்குள்ளும். ஒவ்வொரு கண்ணியாக வளைத்து, இடுக்கு விரிந்திருக்கும்போதே பிரஷ் போடுங்கள். பிரஷ் எட்டாத இடத்துக்கு மரப் பல்குச்சி போதும். குண்டூசி வேண்டாம், கீறிவிடும். தண்ணீர் டீத்தண்ணி நிறத்துக்கு வந்தால் கொட்டிவிட்டு இன்னொரு முறை.

அலசும்போது கடைசி முறை மட்டும் குடிதண்ணீரில் அலசுங்கள். போர்வெல் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும். பருத்தித் துணியில் ஒற்றி எடுத்து, ஃபேனுக்குக் கீழே இரண்டு மூன்று மணி நேரம் போட்டுவையுங்கள். இதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பாற்றுவது அதன் மேல் தானாகப் படரும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். அது உரிந்தால் மறுபடி உண்டாகக் காற்றிலுள்ள ஆக்சிஜன் வேண்டும். வியர்வை உப்பும் ஈரமும் அடைத்துக்கொண்ட இடுக்கில் ஆக்சிஜன் எட்டாது. துரு அங்கேதான் தொடங்கும்.

திரும்ப மாட்டும் முன் ஸ்ப்ரிங் பாரின் இரு முனைகளையும் நகத்தால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போய்ச் சட்டென்று வெளியே வர வேண்டும். சிக்கினால் புதிது வாங்கிவிடுங்கள். செயின் பொருந்தும் இடைவெளியை அளந்து (பெரும்பாலும் 18, 20 அல்லது 22 மி.மீ.) கடையில் சொன்னால் போதும். வாட்ச் கீழே விழுவதற்கு இந்தக் கம்பிதான் பெரும்பாலும் காரணம்.

கழற்றத் தெரியாவிட்டால், நேரம் திருத்தும் பக்கவாட்டுத் திருகை (சாவி) நன்றாக அழுத்தி மூடி, வாட்சின் தலைப்பகுதியைச் சமையலறை க்ளிங் ஃபிலிமில் சுற்றி, பிரஷ்ஷை மட்டும் நனைத்துத் தேயுங்கள்.

டூத்பேஸ்ட், புளி, ப்ளீச்சிங் பவுடர் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது சரி?
– வாசகி, ஈரோடு

மூன்றும் வேண்டாம். பேஸ்ட்டில் இருப்பது நுண்ணிய உராய்வுப் பொடி. பளபளப்பான பரப்பில் அது மெல்லிய கீறல்களை விட்டு மங்கலாக்கும். கோடு போட்ட மேட் பரப்பில் கோடுகளையே தேய்த்துவிடும். புளி பித்தளைக் குத்துவிளக்குக்கு நல்லது, ஏனென்றால் அங்கே கரைக்கவேண்டிய கறை உலோகத்திலேயே உண்டானது. ஸ்டீல் செயினில் இருப்பது எண்ணெய்ப் பிசுக்கும் செத்த தோலும். அதற்குச் சோப்புதான் மருந்து. ப்ளீச்சிங் பவுடர் மோசம். அதிலுள்ள குளோரின் ஸ்டீலில் ஊசி குத்தியது போலக் குழி போடும், அந்தக் குழி ஆறாது.

கோல்டு பிளேட்டட் செயினில் பச்சையாக ஏதோ வருகிறது. மணிக்கட்டிலும் கறை. கழுவினால் போகுமா?
– வாசகர், நாகர்கோவில்

பச்சை போகும், காரணம் போகாது. முலாம் பூசிய பல செயின்களில் உள்ளே இருப்பது பித்தளை. முலாம் தேய்ந்த இடத்தில் வியர்வை பட்டுச் செம்பு பச்சையாகப் பூக்கிறது. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள், ஊறவைக்காதீர்கள், பிரஷ்ஷும் வேண்டாம். தினமும் கழற்றியதும் காய்ந்த துணியால் துடைத்தால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும். மேலே சென்ட் அடிப்பதை முதலில் நிறுத்துங்கள். பச்சைக்குக் கீழே சொரசொரப்பாகக் குழி தெரிந்தால் செயினை மாற்றிவிடுவதே மேல்.

கழுவிய பிறகு செயின் தொளதொளவென்று ஆகிவிட்டது. சோப்பு அரித்துவிட்டதா?
– வாசகர், மதுரை

சோப்பு மேல் பழி போடாதீர்கள். தொளதொளப்பு முன்பே இருந்தது. இடுக்கை நிரப்பியிருந்த அழுக்கு அதை மறைத்தது. தூசியும் உப்பும் பிசுக்கும் சேர்ந்த அந்தக் கலவை, கை அசையும்போதெல்லாம் உப்புத்தாள் மாதிரி, கண்ணிகளைக் கோக்கும் பின்னையும் அதன் துளையையும் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. செயினைப் பக்கவாட்டில் படுக்கையாகப் பிடித்துப் பாருங்கள். நடுவில் தொய்ந்தால் தேய்மானம்தான். ஒரு கண்ணியைக் கழற்றினால் நீளம் குறையும், தொய்வு குறையாது. கெட்டிக் கண்ணி என்றால் நல்ல ரிப்பேர்க்காரர் பின்களை மாற்றித் தருவார். தகட்டை மடித்துச் செய்த கண்ணி என்றால் வழியில்லை. தேங்காய் எண்ணெய், மெஷின் ஆயில் எதுவும் விடாதீர்கள், தூசியைக் கூப்பிட்டு ஒட்டவைக்கும்.

பின்னை நீங்களே எடுப்பதாக இருந்தால் உள்பக்கத்தில் அம்புக்குறி இருக்கும். அம்பு காட்டும் திசையில் தள்ளி எடுக்கவேண்டும், போடும்போது எதிர்த் திசையில்.

ஆன்லைனில் விற்கும் அல்ட்ராசோனிக் கிளீனரில் வாட்ச்சோடு போடலாமா?
– வாசகி, கோவை

ஒலி அலையால் தண்ணீரை அதிரவைத்து அழுக்கெடுக்கும் கருவி அது. செயினை மட்டும் போடலாம், மூன்று நான்கு நிமிடம். வாட்ச்சோடு போட்டால் அதிர்வு உள்ளே இருக்கும் ஸ்க்ரூக்களைத் தளர்த்திவிடும். செயினிலும் ஸ்க்ரூ வைத்த கண்ணிகள் இருந்தால், எடுத்ததும் ஒவ்வொன்றையும் சரிபாருங்கள்.