மகள் கிரிக்கெட் ஆல்ரவுண்டர் ஆக வேண்டும் என்கிறாள், விடலாமா?

விடலாம் அம்மா. ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பெண்ணை கிரவுண்டிலிருந்து இழுத்து வந்து டியூஷனில் உட்கார வைக்க இப்போது எந்த அவசரமும் இல்லை. ஆனால் நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்வி, அதாவது ரெகுலர் பள்ளியை நிறுத்திவிட்டு திறந்தநிலைப் பள்ளியில் பெயரைப் பதிந்து முழுநேரமும் அகாடமிக்கு அனுப்பலாமா என்பது, அதற்கு என் பதில் வேண்டாம் என்பதுதான்.

பேட்டிங், பௌலிங் இரண்டும் செய்கிற இந்திய அணி ஆல்ரவுண்டர் தீப்தி சர்மா மாதிரி வருவாள் என்று எழுதியிருந்தீர்கள். அவரையே எடுத்துக்கொள்வோம். 2025 நவம்பர் 2, நவி மும்பை, மகளிர் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் 58 ரன், அப்புறம் 39 ரன் கொடுத்து 5 விக்கெட். தொடர் முழுக்க 215 ரன், 22 விக்கெட், தொடர் நாயகி விருது. இதெல்லாம் உங்களுக்கே தெரியும். பெற்றோர் பார்க்க வேண்டியது அதற்கு முந்தைய வருடங்களை. ஆக்ராவில் அண்ணன் சுமித் பயிற்சிக்குப் போகும்போது கூடவே போன சின்னப் பெண், தன் பக்கம் வந்த பந்தை எடுத்து வீசியதை முன்னாள் வீராங்கனை ஹேமலதா கலா பார்த்தார், அங்கே தொடங்கியது. 2014இல் 17 வயதில் இந்திய அணிக்கு ஆடினார். அப்போது பெண்களுக்கு இந்தியக் கிரிக்கெட் வாரியமான பிசிசிஐயின் வருட ஒப்பந்தம் என்ற ஒன்றே கிடையாது. 2015இல்தான் வந்தது, அதுவும் முதல் கிரேடுக்கு 15 லட்சம். 2017இல் அயர்லாந்துக்கு எதிராக 188 ரன் அடித்தார். கோடி என்ற பேச்சு வந்தது 2023இல், பெண்களுக்கான ஐபிஎல் மாதிரியான டபிள்யூபிஎல்லின் முதல் ஏலத்தில் யுபி வாரியர்ஸ் அணி 2.6 கோடிக்கு எடுத்தபோது. இந்தியாவுக்கு ஆடத் தொடங்கி எட்டு வருடத்துக்கு மேல் கழித்து! இடைப்பட்ட காலத்தைத் தாங்க வீட்டில் ஏற்பாடு இருக்கிறதா என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

இப்போது நிலைமை எவ்வளவோ மேல், அதைச் சொல்லியே ஆக வேண்டும். 2022 முதல் இந்திய அணியில் பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஒரே மேட்ச் ஃபீஸ்: டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் போட்டிக்கு 6 லட்சம், டி20க்கு 3 லட்சம். மாநில சீனியர் அணியில் ஆடுகிறவர்களின் ஃபீஸும் உலகக் கோப்பைக்குப் பிறகு நன்றாக உயர்ந்திருக்கிறது. ஆனால் ஒரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். டபிள்யூபிஎல்லில் ஐந்து அணிகள், ஒரு அணிக்கு அதிகபட்சம் 18 பேர், வெளிநாட்டுக்காரர்களையும் சேர்த்து மொத்தமே 90 இடம். இதை மகளிடமும் மறைக்காமல் சொல்லுங்கள், பதினான்கு வயதுப் பெண்ணுக்கு இது நன்றாகவே புரியும்.

ஆல்ரவுண்டர் விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் வருகிற பெற்றோர் பலர், பேட்டிங்கில் கொஞ்சம் பௌலிங்கில் கொஞ்சம் தெரிந்தால் ஏதாவது ஒன்றில் இடம் கிடைத்துவிடும் என்று நினைக்கிறார்கள். தேர்வாளர்கள் அப்படிப் பார்ப்பதில்லை. இரண்டில் ஒன்றாவது, அதை மட்டும் வைத்தே அணிக்குள் வருகிற அளவுக்கு இருக்க வேண்டும், மற்றது அங்கே நிலைத்து நிற்க உதவும். எது முதல் திறமை என்று கோச்சிடம் நேராகக் கேளுங்கள், பதினாறு வயது வரை அது மாறினாலும் பரவாயில்லை. தீப்தியே முதலில் மிதவேகம் போட்டுவிட்டு ஆஃப் ஸ்பின்னுக்கு வந்தவர்தான், தொடக்க ஆட்டக்காரராக 188 அடித்துவிட்டு இன்று நடுவரிசையில் இறங்குகிறார்.

உங்கள் மகள் மிதவேகப் பந்து வீசுகிறாள் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். இரட்டைப் பயிற்சி என்றால் உடம்புக்கும் இரட்டை வேலை. வளர்கிற வயதில் அதிகம் பந்து வீசினால் கீழ்முதுகு எலும்பில் நுண்முறிவு வரலாம். முழங்கால் தசைநார் கிழிவதும் ஆண்களைவிட பெண் விளையாட்டு வீரர்களுக்கு அதிகம். வாரத்துக்கு எத்தனை பந்து வீசுகிறாள் என்று அவளையே ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பள்ளி அணி, அகாடமி, கிளப் மூன்றிலும் வீசினால் மொத்தம் எவ்வளவு என்பது எந்தக் கோச்சுக்கும் தெரியாது. மாதவிடாய் சில மாதம் நின்றுபோனால் விளையாடுகிற பெண்ணுக்கு அது சகஜம் என்று விட்டுவிடாதீர்கள், சாப்பாடு போதவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். வருடத்துக்கு ஒருமுறை ஹீமோகுளோபினும் பாருங்கள்.

படிப்பை ஏன் விட வேண்டாம் என்கிறேன் என்றால், கிரிக்கெட்டை வைத்துக் கிடைக்கிற வேலைகளுக்கும் படிப்பு வேண்டும். ரயில்வேயில் ஸ்போர்ட்ஸ் கோட்டா உண்டு, முன்னாள் இந்திய கேப்டன் மிதாலி ராஜ் அங்கே வேலை பார்த்தவர். தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. கல்லூரி சேர்க்கையிலும் கோட்டா இருக்கிறது. ஆடுவது மட்டும்தான் வழி என்றும் இல்லை. ஐடி வேலையில் இருந்த நம் சென்னை ஜனனி நடுவர் தேர்வு எழுதி, 2023இல் ஆண்களின் ரஞ்சிக் கோப்பைப் போட்டியில் நடுவராக நின்றார். பிசியோ, அனலிஸ்ட் வேலைகளுக்கும் பிளஸ் டூவில் எடுக்கிற குரூப்பைப் பொறுத்துத்தான் கதவு திறக்கும். அதனால் பயாலஜி பிடிக்கும் என்றால் அதை விட்டுவிடாதீர்கள்.

ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள். அண்டர் 15, அண்டர் 19, அண்டர் 23, சீனியர் என்று படிகள் போகும். அண்டர் 19 வயது முடிவதற்குள் மாநில அணிக்குப் பரிசீலிக்கப்படுகிறவர்களின் உத்தேசப் பட்டியலிலாவது பெயர் வர வேண்டும். வரவில்லை என்றால் நிறுத்தச் சொல்லவில்லை, கல்லூரி அணியில் ஆடட்டும், படிப்பு முதலிடத்துக்கு வரட்டும். இந்தக் கெடுவை நீங்களாக வைத்து அவள் தலையில் போடாமல், அவளோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

கடைசியாக, பிறப்புச் சான்றிதழ், பள்ளிப் பதிவேடு, ஆதார் மூன்றிலும் தேதி ஒன்றாக இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். வயதுப் பிரிவுப் போட்டிகளில் கை எலும்பை எக்ஸ்ரே எடுத்தும் வயதைச் சரிபார்க்கிறார்கள், வயதைக் குறைத்துக் காட்டச் சொல்கிற அகாடமி பக்கமே போகாதீர்கள். மாநில அணியில் இடம் வாங்கித் தருகிறேன், இவ்வளவு லட்சம் ஆகும் என்று யார் சொன்னாலும், அவர் எவ்வளவு பெரிய பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தாலும், ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம். செலக்‌ஷன் ட்ரையல் எப்போது என்பதை மாவட்டக் கிரிக்கெட் சங்கத்தில் நீங்களே நேரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.