மடிப்புக் கலையாத சட்டை

மதிப்பிற்குரிய ஐயா,

நான் திருகோணமலை உப்புவெளியில் வசிக்கும் பாடசாலை ஆசிரியை. சில ஆண்டுகளாக ஆங்கிலத்தில் வரும் ஒரு வகை நாவல்களைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். தந்தை இறந்த பின் அவருடைய மேசை இழுப்பறையில் வேறொரு பெயரிலுள்ள கடவுச்சீட்டை மகள் கண்டெடுப்பாள். அவர் யாருக்காக உளவு பார்த்தார் என்று தேடிப் புறப்படுவாள். உதவிக்கு வரும் ஆணை நம்பலாமா என்று தெரியாமலேயே அவன்மேல் காதல் கொள்வாள். கதை எங்கே போய் முடியும் என்பது பாதியிலேயே தெரிந்துவிடுகிறது. ஆனாலும் புத்தகத்தைக் கீழே வைக்க முடிவதில்லை. என் அண்ணன், "உளவு என்றால் என்னவென்று இந்த ஊரில் பட்டுத் தெரிந்த பிறகும் அதை ரசித்து வாசிக்கிறாயா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த நாவல்களில் அப்படி என்னதான் இருக்கிறது? இவற்றைத் திருகோணமலையில் வைத்து எழுத முடியுமா? உயர்தரம் படிக்கும் என் மகளும் கேட்கிறாள், கொடுக்கலாமா?

— ஒரு வாசகி, உப்புவெளி

அன்புள்ள சகோதரிக்கு,

முடிவு பாதியிலேயே தெரிந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தெரிந்த பின்னும் வாசிக்கிறீர்கள் என்றால், உங்களை இழுப்பது முடிவாக இருக்க முடியாது. அந்த ஆண் நல்லவனா, வஞ்சகனா என்பதை அவள் எதைக் கொண்டு கண்டுபிடிக்கிறாள் என்பதில்தான் உங்கள் மனம் நிற்கிறது. கொழும்பில் மூன்று நாள் கூட்டம் என்று சொல்லிப் போன கணவன் வீடு திரும்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவள் பயணப்பையைத் திறக்கிறாள். தான் தேய்த்து அடுக்கி அனுப்பிய மூன்று சட்டைகளில் இரண்டு, மடிப்புக் கலையாமல் வைத்த வரிசையிலேயே இருக்கின்றன. மூன்றாவதில் அவர்கள் வீட்டில் ஒருபோதும் பாவிக்காத சவர்க்காரத்தின் வாசம் வருகிறது. ஓர் உளவு நிறுவனம் பத்துப் பேரை அனுப்பி அவனைப் பின்தொடர்ந்திருந்தாலும் இந்தத் தகவல் அதற்குக் கிடைத்திராது. இது நான் இப்போது புனைந்த காட்சிதான். ஆனால் நீங்கள் வாசித்தவற்றில் இதையொத்த ஓர் இடமாவது இருந்திருக்கும்.

வீட்டில் யார் எத்தனை மணிக்கு வந்தார், யாருக்கு இன்று பசியில்லை, எந்தத் தொலைபேசி அழைப்புக்கு யார் முற்றத்துக்கு எழுந்து போனார் என்பதையெல்லாம் கவனித்து வைத்திருப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். அந்தக் கவனிப்புக்கு நம் குடும்பங்களில் சந்தேகப் புத்தி என்றுதான் பெயர். இந்த நாவல்களோ அதே கவனிப்பை எடுத்து, ஒரு நாட்டின் இரகசியம் தப்புமா பறிபோகுமா என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் வைக்கின்றன. காதலும் இங்கே ஒட்டுவேலையாக வருவதில்லை. ஒருவனை அவ்வளவு நெருக்கத்தில் அறிய வேண்டுமானால் அவனோடு வாழ வேண்டும். அவனை நேசிக்க வைத்த அதே கூர்மைதான் பின்னர் அவனைச் சந்தேகிக்கவும் வைக்கிறது. இந்தப் பிணைப்பைக் கைவிட்டு, கடைசி முப்பது பக்கங்களில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கச் சொல்லும் நாவல்களும் உண்டு. அவற்றை நான் அந்த அதிகாரி தொண்டையைச் செருமும்போதே மூடிவிடுவேன்.

இது முழுக்கக் கற்பனை என்றும் சொல்ல முடியாது. உண்மையான உளவின் பெரும்பகுதி துப்பாக்கியின்றி, அலுவலக மேசையிலும் சாப்பாட்டு மேசையிலும் நடந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க உளவு அமைப்பான ஓஎஸ்எஸ்ஸின் கண்டி அலுவலகத்தில் ஆவணப் பதிவகத்தை நடத்தியவர் ஜூலியா மக்வில்லியம்ஸ் என்ற பெண். இரகசியத் தாள்களைப் பதிந்து, வகைப்படுத்தி, கேட்டவருக்கு எடுத்துக் கொடுப்பது அவருடைய வேலை. அதே அமைப்பில் பணிபுரிந்த போல் சைல்டை இலங்கையில்தான் சந்தித்தார். 1946இல் அவரை மணந்து, பின்னாளில் ஜூலியா சைல்ட் என்ற பெயரில் அமெரிக்கர்களுக்குப் பிரெஞ்சுச் சமையல் கற்றுக்கொடுத்துப் புகழ்பெற்றார். இது இனிய பக்கம். மறுபக்கத்தில், பனிப்போர்க் காலத்துக் கிழக்கு ஜேர்மனியின் வெளிநாட்டு உளவுத்துறை, மார்க்குஸ் வொல்ஃபின் தலைமையில், மேற்கு ஜேர்மனி அரச அலுவலகங்களில் செயலாளர்களாக இருந்த தனித்த பெண்களைக் காதலிப்பதற்கென்றே ஆண்களைப் பயிற்றி அனுப்பியது. காதலனுக்காக ஆவணங்களைப் பிரதியெடுத்த பெண்களிற் சிலர் சிறைக்குப் போனார்கள்.

குடும்ப இரகசியம் என்று பார்த்தால், 1999இல் வெளிவந்த மெலிட்டா நோர்வுட்டின் கதையை எந்த நாவலாசிரியரும் துணிந்து எழுதியிருக்கமாட்டார். அப்போது அவருக்கு 87 வயது. பிரித்தானிய அணுவாயுதத் திட்டத்தோடு தொடர்புடைய உலோக ஆய்வுச் சங்கம் ஒன்றில் செயலாளராக இருந்துகொண்டு, பல பத்தாண்டுகள் சோவியத் ஒன்றியத்துக்கு ஆவணங்களைக் கொடுத்து வந்திருக்கிறார். அவருடைய சொந்த மகளுக்கு அதுவரை எதுவுமே தெரியாது. 2010 ஜூன் மாதத்தில் அமெரிக்காவில் கைதான ரஷ்யத் தம்பதி ஒன்றின் மகன்களுக்கு வயது 20, 16. தங்களைக் கனடியர் என்று எண்ணி வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். பெற்றோரின் பெயரும் நாடும் பொய் என்பது கைதுக்குப் பிறகுதான் தெரிந்ததென்று சொன்னார்கள்.

வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தின் 584ஆம் குறளில், ஒற்றன் ஆராய வேண்டியவர்கள் என மூன்று வகையினரைச் சொல்கிறார்: அரசனின் வேலையைச் செய்பவர், அவனுடைய சுற்றத்தார், அவனுக்கு வேண்டாதவர். சுற்றத்தாரைப் பகைவருக்கு முன்னால் வைத்தது செய்யுள் கட்டுக்காக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

உங்கள் அண்ணனின் கேள்வி இலேசானதன்று. போர்க்காலத்தில் படையினரின் சுற்றிவளைப்புகளில், ஆளை அடையாளம் காட்டக் கொண்டுவரப்பட்ட, முகத்தை மூடிய தலையாட்டியின் முன்னால் வரிசையில் நின்றவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். தலை அசைந்தால் ஆளை ஏற்றிக்கொண்டு போவார்கள். அது ஏன் அசைந்தது, மூடிய துணிக்குப் பின்னால் இருந்தவன் யார், அவனை யார் எப்படி மிரட்டிக் கொண்டுவந்தார்கள் என்பதைப் பல குடும்பங்கள் கடைசிவரை அறியவில்லை. நாவலில் அப்படி விடமாட்டார்கள்; காட்டிக்கொடுத்தவனை எதிரே உட்காரவைத்து, ஏன் செய்தாய் என்று கேட்கும் அத்தியாயம் ஒன்று கட்டாயம் வரும். நமக்குக் கிடைக்காத அந்த அத்தியாயத்தைப் புத்தகத்தில் பார்க்கும்போது உங்கள் அண்ணனுக்குக் கசக்கிறது, உங்களுக்கு ஆறுதலாக இருக்கிறது. அவரை வாசிக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். நீங்கள் வாசிப்பதற்காக வெட்கப்படவும் வேண்டாம்.

திருகோணமலையில் வைத்து எழுதலாமா என்று கேட்டால், நமது போரை இந்த அச்சில் வார்ப்பதை நான் விரும்பமாட்டேன். கேள்விகளுக்கு விடை இல்லாதபோது விடை கண்டதாகப் பாவனை செய்ய நேரும். ஆனால் 1942க்குப் பிந்திய மூன்று ஆண்டுகள் எவரும் தொடாமல் கிடப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. அந்த ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. அதே நாளில் ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. பின்னர் திருகோணமலையிலிருந்து புறப்பட்ட நீர்மூழ்கிக் கப்பல்கள் மலாயாக் கரைக்கு இரகசிய முகவர்களை ஏற்றிச் சென்றன. கடற்படைத் தளமான டொக்யாட்டில் உணவுப்பொருள் கணக்கு எழுதும் தமிழ் லிகிதர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். வழக்கமாக ரொட்டியும் டின் இறைச்சியும் ஏற்றும் கப்பலுக்கு ஒருநாள் ஒரு மூடை அரிசியும் கருவாடும் எழுதச் சொல்கிறார்கள். அவர் அதைப் பொருட்படுத்தாமல் வீட்டில் சொல்கிறார். அரிசியும் கருவாடும் சாப்பிடும் ஆள் யாரோ அந்தக் கப்பலில் போகிறார் என்பதை முதலில் கண்டுகொள்பவர், சோற்றை இறக்கிக் கொண்டிருக்கும் அவருடைய மனைவி. அதன் பின் வீட்டுக்குப் புதிதாக வந்துபோகத் தொடங்கும் ஒன்றுவிட்ட தம்பியின் கேள்விகள் அவருக்கு வேறுவிதமாகக் கேட்கத் தொடங்கும். உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே உப்புவெளிப் போர் மயானம் இருக்கிறது. அங்கே கற்களில் பெயரும் பதவியும் படைப்பிரிவும் இருக்கின்றன, என்ன வேலைக்கு அனுப்பப்பட்டார்கள் என்பது இல்லை. எழுத விரும்புபவருக்கு அவ்வளவு இடைவெளி போதும். நீங்களே எழுதிப் பார்க்கலாம்.

மகளுக்குத் தாராளமாகக் கொடுங்கள். சிலவற்றில் படுக்கையறைக் காட்சிகள் விரிவாக இருக்கும். எவற்றில் என்பது வாசித்த உங்களுக்கே தெரியும். பரீட்சைக்கு முன்னரா, பின்னரா என்பதில் தாயும் ஆசிரியையுமான உங்களுக்கு நான் யோசனை சொல்ல வரவில்லை.

அன்புடன்.