சீட்டு அடுக்கினால் சண்டை தீருமா?

பெங்களூரு அடுக்ககச் சங்கக் கூட்டங்களை வெகுநாளாக நடத்திக் கொடுத்துவரும் நம் உறுப்பினர் ஒருவரிடம் கேட்டவை:

கேள்வி (ஒயிட்ஃபீல்டு): சார், எங்கள் 120 வீட்டு அபார்ட்மென்ட்டில் எதை முதலில் செய்வது என்று பேசினாலே கூச்சல்தான். வேலைகளைச் சீட்டில் எழுதி, எது முதலில் என்று அடுக்கும் முறை உதவுமா?

பதில்: வாயை மூடிக்கொண்டு செய்தால் உதவும். லிப்ட், போர்வெல், டேங்கர் செலவு, மொட்டைமாடிக் கசிவு என்று வேலைக்கு ஒரு சீட்டு எழுதுங்கள். மேசைக்கு ஆறு பேர். ‘இப்போதே’, ‘ஆறு மாதத்தில்’, ‘பிறகு’, ‘வேண்டாம்’ என்று நான்கு தலைப்பு. யாரும் பேசாமல் அடுக்க வேண்டும். ஒருவர் வைத்ததை மற்றவர் நகர்த்தலாம். ஒரே சீட்டு மூன்று முறை இடம் மாறினால் தனியே எடுத்து வையுங்கள். கூட்டத்தில் பேசவேண்டியது அந்த நாலைந்து சீட்டைப் பற்றி மட்டும்தான். நாம் வழக்கமாக நேரத்தைச் செலவழிப்பதோ, எல்லாரும் ஏற்கெனவே ஒத்துக்கொண்ட விஷயத்தில்! ஜப்பானிய மானிடவியலாளர் ஜிரோ கவாகிதா களக்குறிப்புகளைத் தொகுக்க உருவாக்கிய கேஜே முறைக்கு இது தூரத்துச் சொந்தம்.

கேள்வி (அல்சூர்): எல்லாச் சீட்டும் ‘இப்போதே’வில் குவிகிறதே?

பதில்: ஐந்துக்கு மேல் இடமில்லை என்று சொல்லிவிடுங்கள். ஆறாவது வர வேண்டுமானால் ஒன்று இறங்க வேண்டும்.

கேள்வி (கே.ஆர்.புரம்): இரண்டிரண்டாக ஒப்பிட்டால் இன்னும் துல்லியமாக இருக்காதா?

பதில்: இருக்கும், ஆனால் 10 சீட்டுக்கு 45 ஒப்பீடு. பாதியிலேயே ஆட்கள் காபிக்கு எழுந்துவிடுவார்கள். கடைசியில் மிஞ்சும் ஐந்துக்கு மட்டும் செய்யுங்கள், பத்தே ஒப்பீடுதான்.

கேள்வி (பெல்லந்தூர்): ‘வாடகைக்காரர்களையும் காவலாளிகளையும் கூப்பிடலாமா அக்கா?’ என்று கேட்டால், எங்கள் சங்கத் தலைவி முகம் சுளிக்கிறார்.

பதில்: கூப்பிடுங்கள், ஆனால் தனித்தனி மேசையில். ஓர் இடத்தில் வீட்டுச் சொந்தக்காரர்கள் வெளிச்சுவர்ப் பெயின்ட்டை மேலே வைத்தார்கள், வாடகைக்காரர்கள் தண்ணீரை. காவலாளிகள் வைத்த கழிப்பறை மற்ற இரு மேசையிலும் சீட்டாகக்கூட இல்லை. ஒரே மேசையில் உட்காரவைத்திருந்தால் அது வெளியே வந்திருக்காது. எழுத்து வராதவர்களுக்குப் படம் வரைந்த சீட்டு போதும். கிராமப் பங்கேற்பு ஆய்வுகளில் புளியங்கொட்டை, கூழாங்கல் வைத்தே வரிசைப்படுத்துவார்கள்.

கேள்வி (ஜெயநகர்): கமிட்டி ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டுப் பெயருக்குக் கூப்பிட்டால்?

பதில்: சீட்டை எடுக்கவே எடுக்காதீர்கள். முடிவை நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லிவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமையாவது மிஞ்சும்.