1/32 அளவு எஃப்-16 போர்விமான மாடலுக்குத் தனியே விற்கும் பாகங்கள்: எதை முதலில் வாங்குவது?

முதலில் விமானி இருக்கைதான். இந்த அளவில் எஃப்-16-இன் நீளம் அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பெரிய கண்ணாடி மூடிக்குள் எட்டிப் பார்க்காதவர் இல்லை. இருக்கைப் பட்டைகளோடு சேர்த்து வார்த்த ரெசின் (இறுகும் பிசின்) இருக்கை போதும்.

அடுத்து மூக்கு நுனிக் குழாய். பிளாஸ்டிக் குழாயை நானே இரண்டு முறை ஒடித்திருக்கிறேன், பித்தளையில் வாங்குங்கள்.

எஞ்சின் வெளியேற்றுக் குழாயில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எஃப்-16-இல் பிராட் அண்ட் விட்னி, ஜெனரல் எலக்ட்ரிக் என இரு எஞ்சின்கள் உண்டு; குழாயின் உருவமும் வேறு. நம் சிங்கப்பூர் ஆகாயப்படை விமானம் செய்வதென்றால் பிராட் அண்ட் விட்னி.

சக்கரக் குழிக்கா? வேண்டாம், யார் கவிழ்த்துப் பார்க்கப்போகிறார்கள்!

அப்புறம், ரெசின் தூசி நுரையீரலுக்கு ஆகாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஏர்கான் போட்டு மூடிய அறையில் அறுக்காதீர்கள். முகக்கவசம் அணிந்து, நனைத்துத் தேயுங்கள். ஒட்டுவதற்கு சூப்பர் குளூ. பிளாஸ்டிக் பசை ரெசினில் பிடிக்காது.