கறவைப் பசுக்கள்: வாசகர் கேள்விகளும் பண்ணையாளர் பதில்களும்

வந்திருக்கும் கேள்விகளில் சில மாடு வளர்ப்போருடையவை, சில பால் வாங்குவதோடு சரி என்றிருக்கும் நகரத்து வாசகர்களுடையவை. நான் தொழுவத்தில் வைத்திருப்பவை ஜெர்சி கலப்பினப் பசுக்கள். அவற்றோடு பழகித் தெரிந்துகொண்டதையும் கால்நடை மருத்துவர்களிடம் கேட்டறிந்ததையும் கொண்டு பதில் எழுதுகிறேன்.

மாட்டுப் பொங்கலன்று எங்கள் தெருவுக்கு வரும் பசுக்களுக்கு வீட்டுக்கு வீடு பொங்கலும் பழமும் கொடுக்கிறோம். இதில் தவறு உண்டா?

ஒரு கைப்பிடி கொடுத்தால் தவறில்லை. ஒரே பசு பத்து வீட்டு வாசலில் பத்துத் தட்டுப் பொங்கலைத் தின்றால் அது உயிருக்கே ஆபத்தாகிவிடும். பசுவின் இரைப்பை நான்கு அறைகள் கொண்டது. பெருவயிறு எனப்படும் முதல் அறை மட்டுமே நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். அங்கே வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள்தாம் புல்லையும் வைக்கோலையும் நொதிக்கச் செய்து பசுவுக்கு உணவாக்கித் தருகின்றன. சோறு, பொங்கல், மாவு போன்ற மாச்சத்து நிறைந்த பொருள்கள் ஒரேயடியாக உள்ளே போனால், அவை மிக வேகமாகப் புளித்து லாக்டிக் அமிலம் பெருகும். நார்ப்பொருளைச் செரிக்கும் நுண்ணுயிரிகள் மடிந்துபோகும். அமிலம் இரத்தத்திலும் கலக்கும். முதலில் பசு அசைபோடுவதை நிறுத்தும். தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இடது பக்க விலா உப்பும், சாணம் புளித்த நாற்றத்தோடு தண்ணீராகப் போகும், நடை தள்ளாடும். அந்த நிலைக்குப் பின் படுத்த மாட்டை எழுப்புவது கடினம். ஓரிரு நாளில் இறந்துவிடவும் கூடும்.

திருமண வீடுகளில் மீந்த சோற்றை அண்டாவோடு கொண்டுவந்து தொட்டியில் கொட்டுவதைப் புண்ணியம் என்று பலர் நம்புகிறார்கள். பசுவின் மீது அன்புள்ளவர்களே அறியாமல் இந்தத் தீங்கைச் செய்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. கொடுக்க விரும்பினால் ஒரு கட்டு அகத்திக்கீரையோ பசும்புல்லோ கொடுங்கள். எதையும் பிளாஸ்டிக் பையில் கட்டித் தெருவில் போடாதீர்கள். பையோடு விழுங்கிய பிளாஸ்டிக் செரிக்காமல் பெருவயிற்றிலேயே தங்கிவிடும். மாடு அளவுக்கு மீறிச் சோறு தின்றுவிட்டது தெரிந்தால், அறிகுறி தென்படட்டும் என்று காத்திராமல் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.

ஊசி போட்டுத்தான் பால் கறக்கிறார்கள் என்கிறார்களே, உண்மையா?

எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. செய்பவர்களும் இருக்கிறார்கள், அது குற்றம். கன்று மடியை முட்டும்போதும், மடியை வெதுவெதுப்பான நீரால் கழுவித் துடைக்கும்போதும் பசுவின் உடலில் ஆக்ஸிடோசின் என்னும் ஹார்மோன் இயல்பாகவே சுரந்து பாலை இறக்குகிறது. அந்தச் சுரப்பின் விசை ஐந்து முதல் ஏழு நிமிடம் வரைதான் இருக்கும். அதற்குள் கறந்து முடிக்க வேண்டும். அடித்தாலோ, அதட்டினாலோ, பழகாத ஆள் உட்கார்ந்தாலோ பசு பாலை அடக்கிக்கொள்ளும். அன்போடும் நேரம் தவறாமலும் கறந்தால் கிடைப்பதை அவசரத்தில் பெறுவதற்கே சிலர் ஆக்ஸிடோசின் ஊசியை நாடுகிறார்கள். ஊசி பாலை உண்டாக்குவதில்லை. மடியில் இருப்பதை இறக்கத்தான் செய்கிறது. அதற்குப் பழகிய மாடு பிறகு ஊசியில்லாமல் பால் விட மறுக்கிறது. பால் சுரப்பைக் கூட்டுவதற்காகக் கறவை மாட்டின் உடல்நலத்தைக் கெடுக்கும் ஊசியைப் போடுவதை, 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு தண்டனைக்குரியதாக்கியிருக்கிறது.

பசு ஆண்டு முழுவதும் பால் கொடுத்துக்கொண்டே இருக்குமா?

கன்று ஈன்றால்தான் பால். ஈன்றபின் ஏறத்தாழ பத்து மாதம் கறக்கலாம். இதற்கிடையில் மீண்டும் சினை பிடித்திருக்கும். சினைக்காலம் சுமார் 280 நாட்கள். அதில் கடைசி இரண்டு மாதம் கறவையை நிறுத்தி மடிக்கு ஓய்வு தர வேண்டும்.

நஞ்சுக்கொடி விழும் வரை கன்றுக்குச் சீம்பால் கொடுக்கக் கூடாது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். சரிதானா?

பெரியவர்கள் சொன்ன பலவற்றை நான் இன்றும் பின்பற்றுகிறேன், ஆனால் இதை மட்டும் பின்பற்றாதீர்கள். மனிதக் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் கருவிலேயே கிடைத்துவிடுகின்றன. கன்றுக்கு அவ்வாறு கிடைப்பதில்லை. அது பிறக்கும்போது அநேகமாக எந்தப் பாதுகாப்பும் இல்லாமல்தான் பிறக்கிறது. மஞ்சளாக, கெட்டியாக, விரலில் ஒட்டும் அந்தச் சீம்பாலில்தான் அதற்கான எதிர்ப்புச் சக்தி முழுவதும் இருக்கிறது. அதை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும் திறன் கன்றின் குடலுக்குப் பிறந்த சில மணி நேரம்தான் நன்றாக இருக்கும், ஒரு நாளில் ஏறக்குறைய நின்றுவிடும். ஆகவே முதல் இரண்டு மணி நேரத்துக்குள் வயிறு நிறையக் கொடுத்துவிட வேண்டும். முதல் நாளில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது நல்ல கணக்கு. 25 கிலோ எடையுள்ள கன்றுக்கு இரண்டரை லிட்டர், அதை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துத் தரலாம். கன்று ஊட்டுவது தாயின் கருப்பையைச் சுருங்கச் செய்வதால் நஞ்சுக்கொடி விழுவதற்கும் அது துணைதான் செய்கிறது.

பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் நஞ்சுக்கொடி விழுந்துவிடும். தாமதமானால் கல்லையோ செங்கல்லையோ கட்டித் தொங்கவிடுவதும், கையால் பிடித்து இழுப்பதும் கருப்பையைக் கிழித்துவிடும். மருத்துவர் வரட்டும்.

நாட்டு மாட்டின் ஏ2 பால் நோய்களைத் தீர்க்கும் என்று அதிக விலைக்கு விற்கிறார்கள். வாங்கலாமா?

ஏ1, ஏ2 என்பவை பாலில் உள்ள பீட்டா கேசின் என்னும் புரதத்தின் இரு வகைகள். நம் நாட்டு இனங்களில் பெரும்பாலும் ஏ2 வகையும், ஜெர்சி, எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) ஆகிய வெளிநாட்டு இனங்களில் இரண்டும் கலந்தும் காணப்படுகின்றன, இது உண்மை. ஏ1 பால் நோயை உண்டாக்குகிறது என்பதற்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009இல் ஆராய்ந்து பார்த்தபோது தக்க ஆதாரம் கிடைக்கவில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024 ஆகஸ்டில் உறைகளிலிருந்து இந்தப் பெயர்களை நீக்கச் சொல்லி, சில நாட்களிலேயே அந்த அறிவுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. காங்கேயமும் உம்பளாச்சேரியும் உழவுக்கும் வண்டிக்கும் பெயர்பெற்ற இனங்கள், அவை கறக்கும் பால் குறைவு, ஆகவே விலை கூடுவது நியாயமே. அந்த இனங்கள் அழியாமல் இருக்க வேண்டும் என்பதற்காக வாங்குங்கள். மருந்து என்று எண்ணி வாங்க வேண்டாம்.

கறந்த சூட்டிலேயே பாலைக் காய்ச்சாமல் குடிப்பது நல்லதா?

வேண்டாம். புருசெல்லோசிஸ் என்னும் பாக்டீரியா நோய், காசநோய் ஆகியவை காய்ச்சாத பால் வழியாக மனிதருக்குத் தொற்றக்கூடும், பசு பார்வைக்கு நலமாகத் தெரிந்தாலும்கூட. எங்கள் வீட்டிலும் பொங்கக் காய்ச்சித்தான் குடிக்கிறோம்.

பசுவின் காதில் மஞ்சள் வில்லை குத்துவது கொடுமை இல்லையா?

குத்தும் நேரத்தில் வலி உண்டு, அது விரைவில் ஆறிவிடும். அதிலுள்ள 12 இலக்க எண்ணைக் கொண்டுதான் கோமாரித் தடுப்பூசி போட்ட விவரம், சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்ட நாள் முதலியவை பதிவாகின்றன. காப்பீட்டுக்கும் அது வேண்டும்.

என் பசுவுக்கு மடிநோய் அடிக்கடி வருகிறது. என்ன செய்வது?

கறக்கும் முறையை முதலில் பாருங்கள். கட்டைவிரலை மடக்கி, அதன் கணுவால் காம்பை அழுத்திக் கறந்தால் காம்பின் உட்புறம் காயப்படும். முழுக் கையாலும் பற்றிக் கறக்க வேண்டும். முதல் இரண்டு பீச்சைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். வெண்ணிறத் திரிதிரியாகத் தெரிந்தால் நோய் தொடங்கிவிட்டது. கறந்தபின் காம்பின் துளை மூட அரை மணி நேரமாவது ஆகும் என்பதால், அந்த நேரத்தில் பசு சாணத்தில் படுத்தால் கிருமி உள்ளே போய்விடும். அதனால்தான் கறந்தவுடன் தீவனத்தை வைத்து அதை நிற்க வைக்கிறோம். காம்புகளைக் கிருமிநாசினிக் கரைசலில் நனைப்பதும் தரையை உலர்வாக வைத்திருப்பதும் அவசியம்.

நோய் வந்த காம்பைக் கடைசியில் கறங்கள். மருத்துவர் மருந்து செலுத்தியிருந்தால், அவர் சொல்லும் நாள் வரை நான்கு காம்புகளின் பாலையும் கறந்து கீழே ஊற்றிவிட வேண்டும்; அதைப் பால் கூட்டுறவுச் சங்கத்துக்கும் ஊற்றக் கூடாது, கன்றுக்கும் கொடுக்கக் கூடாது.