கால் அலைநீளத்தில் சரி, ஆறில் ஒன்றில் தவறு

கேள்வி: மகள் தொடக்கக் கல்லூரி இரண்டாம் ஆண்டு. இரட்டைப் பிளவுக் கணக்கில் (இரு பிளவுகள் வழி வரும் ஒளி திரையில் கலப்பது) பாதை வேறுபாடு, அதாவது இரு ஒளிகளும் கடக்கும் தூரங்களின் வித்தியாசம், கால் அலைநீளம் என்றால் ஒளிச்செறிவு உச்சத்தில் பாதி என எழுதினாள், சரி. ஆறில் ஒன்றுக்கு மூன்றில் இரண்டு என்றாள், தவறாம். துணைப்பாட நிலையம் தந்த சூத்திரத் தாளில் இருந்த முறைதான். (வாசகி, யீஷூன்)

பதில்: முறையே தவறு. கால் அலைநீளத்தில் விடை தற்செயலாகப் பொருந்திவிட்டது, அவ்வளவுதான்.

அந்தத் தாள் கருதுவதுபோல் உச்சத்திலிருந்து இருட்டுவரை செறிவு நேர்கோட்டில் குறையாது. முதலில் மெல்ல இறங்கும், நடுவில் வேகமாகச் சரியும், இருட்டை நெருங்கும்போது மறுபடி மெல்லத் தணியும். நேர்கோடும் இந்த வளைவும் சந்திப்பது சுழி, கால், அரை அலைநீளத்தில் மட்டும்.

பாதை வேறுபாட்டை அலைநீளத்தால் வகுத்து 360ஆல் பெருக்குங்கள். அது கட்ட வேறுபாடு. அதைப் பாதியாக்கி, கொசைன் கண்டு, வர்க்கப்படுத்தி, உச்சச் செறிவால் பெருக்குங்கள். ஆறில் ஒன்றுக்கு 60 பாகை, பாதி 30, கொசைன் 0.866, வர்க்கம் 0.75. ஆகவே விடை முக்கால். பாதியாக்க மறந்தால் 0.25 வரும். கால்குலேட்டர் ரேடியனில் இருந்தாலும் விடை கெடும்.

கூடுவது வீச்சு (அலையின் உயரம்), செறிவு அதன் வர்க்கம். அதனால்தான் ஒரு பிளவு 1 பங்கு தந்தால் மையத்தில் 2 அல்ல, 4 பங்கு. இருட்டில் சுழி, சராசரி 2. சக்தி எங்கும் தொலையவில்லை.

‘ஒரே பக்கத்தில் முழு இயற்பியல்’ என்று விடுமுறை வகுப்புகளில் விற்கும் தாள்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். எட்டில் ஒன்றுக்கு விடை என்ன என்று கேளுங்கள். 0.85 என்றால் சரி, 0.75 என்றால் தாளைத் திருப்பிக் கொடுங்கள். வெளிச்சம், இருட்டு என்ற இரண்டு ஓரங்களை மட்டும் பயிற்றுவித்து இடைப்பட்டதைப் பிள்ளைகளின் ஊகத்துக்கு விட்டுவிடுகிறோம். இத்தாள்கள் விற்பதற்கு அதுவே காரணம்.

ஒரு விலக்கை அவள் கட்டாயம் அறிய வேண்டும். மேற்சொன்ன வழி, இரு பிளவுகளும் சம ஒளி தரும்போது மட்டுமே. ஒரு பிளவின் முன் வடிகட்டி வைத்து அதன் செறிவைக் கால்வாசியாக்கினால் வீச்சுகள் 2, 1. உச்சம் 3இன் வர்க்கம், 9. இருண்ட பட்டையில் சுழி அல்ல, 1. கால் அலைநீளத்தில் 5. உச்சத்தில் பாதியான 4.5 அல்ல. இங்கே இரு செறிவுகளையும் கூட்டி, வீச்சுகளின் பெருக்கத்தை இரட்டித்துக் கட்ட வேறுபாட்டின் கொசைனால் பெருக்கிச் சேர்க்க வேண்டும். இதில் கோணத்தைப் பாதியாக்கக் கூடாது. வினாவில் ‘வடிகட்டி’ என்றோ ‘அகலம் வேறு’ என்றோ கண்டால் முதலில் இரு வீச்சுகளையும் எழுதச் சொல்லுங்கள்.